பெரில் கல்லுக்குள் பதினொரு துளிகள்

மகள் பிறந்த நான்காம் மாதம் நான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன். கிள்ளானில் காலை ஏழு மணி கொமுட்டர் ரயிலில் ஏறி, பிரிக்பீல்ட்ஸில் இறங்கி, அங்கே வேறு ரயில் மாற வேண்டும். ஒரு தோளில் மடிக்கணினிப் பை. மறு தோளில் தாய்ப்பால் எடுக்கும் கருவியும் ஐஸ் கட்டிகளும் வைத்த பை. முதுகலை ஆய்வை முடிக்க எனக்கு ஏழு மாதம் மிச்சமிருந்தது. பேறுகால விடுப்பும் அதற்கு முன் வாங்கிய நீட்டிப்பும் போக, இனி ஒரு நாள்கூடத் தர முடியாது என்று கடிதம் வந்திருந்தது. அதற்குள் ஆய்வேட்டை ஒப்படைக்காவிட்டால் மூன்று வருட உழைப்புக்குப் பட்டம் கிடையாது.

என் ஆய்வு பெரில் என்ற கல்லைப் பற்றியது. நகைக்கடைகளில் மரகதம் என்று விற்பதும் பெரிலின் ஒரு வகைதான். எனக்குக் கிடைத்ததோ அழுக்கு வெள்ளை நிறத்தில், அங்கங்கே இளம்பச்சை தட்டிய, சுண்டுவிரல் கனத்தில் ஆறு பட்டை கொண்ட படிகங்கள். அம்பாங்குக்கு அப்பால் மலையடிவாரத்தில், கைவிடப்பட்ட ஒரு வெள்ளீயச் சுரங்கத்தின் சுவரில் அவை ஒட்டிக்கொண்டிருந்தன. கர்ப்பமாவதற்கு முன் நானே சுத்தியலால் தட்டி எடுத்தவை.

பெரிலில் இருக்கும் பெரிலியம் என்ற உலோகம் பூமியின் மேலோட்டில் மிகக் குறைவு. குறைவாக இருப்பதுடன் எங்கும் தூவினாற்போலச் சிதறியும் கிடக்கிறது. அது தாதுவாகத் திரள வேண்டுமென்றால் ஏதோ ஒன்று அதைப் பொறுக்கிக்கொண்டு வந்து ஓரிடத்தில் சேர்க்க வேண்டும். அந்த வேலையை நிலத்தடியில் சூடான நீர் செய்கிறது. கிரானைட்டாக இறுகப்போகும் பாறைக்குழம்பு ஆறும்போது, அதிலிருந்து ஒவ்வொரு கனிமமாகப் படிகமாகிறது. ஒவ்வொன்றும் தன் கட்டமைப்பில் பொருந்துகிற அணுக்களை எடுத்துக்கொள்ளும். பெரிலியம் அணு மிகச் சிறியது. பெரும்பாலான கனிமங்களில் அதற்கு இடம் கிடைப்பதில்லை. அதனால் கடைசிவரை மிச்சக் குழம்பிலேயே தங்கிவிடுகிறது. தண்ணீரும் ஃபுளோரினும் வெள்ளீயமும் அதே மிச்சத்தில்தான் சேர்கின்றன. ஒரு கட்டத்தில் அந்த நீர் குழம்பிலிருந்து பிரிந்து, பாறையின் விரிசல்கள் வழியே மேலேறுகிறது. அதில் உள்ள ஃபுளோரின் பெரிலியத்தைப் பிடித்து வைத்திருப்பதால் அதுவும் கூடவே போகிறது.

கோலாலம்பூரின் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. கிழக்கே உள்ள மலைகள் கிரானைட். கிரானைட்டிலிருந்து கிளம்பிய நீர் சுண்ணாம்புப் பாறையைத் தொட்டதும், சுண்ணாம்பில் உள்ள கால்சியம் ஃபுளோரினை இழுத்துக்கொள்கிறது. இரண்டும் சேர்ந்து ஊதா நிற ஃபுளோரைட் ஆகின்றன. பிடித்திருந்த கை விலகியதும் பெரிலியத்தால் நீரில் நிற்க முடிவதில்லை. அந்த இடத்திலேயே படிகமாகிறது. என் சுரங்கச் சுவரில் ஊதாக் கல்லும் பெரிலும் ஒட்டியே இருந்ததற்கு இதுதான் காரணம் என்று நான் நினைத்தேன். அதைக் காட்ட வேண்டுமானால் அந்த நீர் எவ்வளவு சூடாக இருந்தது என்று அளந்தாக வேண்டும்.

அளக்க முடியும். படிகம் வளரும்போது, தன்னைச் சுற்றியிருந்த நீரில் சில துளிகளைத் தனக்குள் அடைத்துக்கொள்கிறது. நுண்ணோக்கியில்தான் தெரியும் அளவு. ஆறும்போது நீர் சுருங்குவதால் ஒவ்வொரு துளிக்குள்ளும் ஒரு குமிழி உண்டாகும். கல்லை மெல்லிய சீவலாக அறுத்து, இரண்டு பக்கமும் மெருகேற்றி, நுண்ணோக்கிக்கு அடியில் வைத்துச் சூடாக்கினால் குமிழி சிறுத்துக்கொண்டே வந்து மறையும். அது எந்தச் சூட்டில் மறைகிறதோ, குறைந்தது அந்தச் சூடாவது அன்றைய நீருக்கு இருந்திருக்க வேண்டும்.

கல் அறுக்கும் பணியாளரை நாங்கள் எல்லாரும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். முதல் சீவல்களை அவர் அறுத்த நாளில் நான் அறை வாசலிலேயே நின்றேன். பெரிலியம் கலந்த தூசி நுரையீரலுக்கு ஆகாது. கல்லாக இருக்கும்போது ஆபத்து குறைவு, தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி பறக்காது என்றெல்லாம் படித்திருந்தேன். படித்தும் மனம் கேட்கவில்லை.

"தண்ணி ஊத்திதானே அறுக்கிறீங்க அண்ணே?"

"இது மூணாவது தடவ கேக்குற, தங்கச்சி. ஒரு வாளி கொண்டாந்து தரேன், நீயே ஊத்து."

"சட்டையில ஒட்டாதுல்ல?"

"ஒட்டுனா என் பொண்டாட்டி என்னைய வீட்டுக்குள்ளயே சேக்க மாட்டா. கவலப்படாத லா."

இருந்தும் அன்றிலிருந்து ஆய்வகத்துக்கென்று தனிச் செருப்பும் தனிச் சட்டையும் வைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்ததும் தலைக்குக் குளித்த பிறகே மகளைத் தூக்கினேன். அவளைப் பார்த்துக்கொள்ளும் கீழ்வீட்டு ஆன்டி, "ஒவ்வொரு நாளும் தலைக்கு ஊத்துனா சளி பிடிக்கும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சளி பிடிக்கவும் செய்தது.

சூடாக்கும் மேடை ஒன்றுதான் இருந்தது. பலரும் முறைவைத்துப் பயன்படுத்துவோம். எனக்கு வாரத்தில் மூன்று நாள் கிடைத்தது. ஆனால் மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை நான் எழுந்துபோய்ப் பால் எடுக்க வேண்டும். எடுத்த பாலைப் பெயர் ஒட்டி, ஊழியர் அறைக் குளிர்பெட்டியில் வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் மேடை ஆறிப்போயிருக்கும். நிம்மதியாக உட்காரக் கிடைத்தது இரண்டு இரண்டு மணி நேரம்தான். எனவே தெளிவாகத் தெரிகிற, பெரிய, குமிழி பளிச்சென்று ஆடுகிற துளிகளாகத் தேர்ந்தெடுத்தேன். அவை விரைவாக முடிந்தன. மூன்று மாதத்தில் நாற்பத்திரண்டு துளிகள் அளந்தேன். எல்லாவற்றிலும் குமிழி நூற்றெண்பது டிகிரிக்கும் இருநூறுக்கும் இடையில் மறைந்தது.

என் மேற்பார்வையாளர் யாழ்ப்பாண வழிவந்த குடும்பத்துப் பெண்மணி. மாணவர்களை 'நீர்' என்றுதான் அழைப்பார். நாங்கள் அவரை டாக்டர் என்போம். எண்களைப் பார்த்ததும் அபூர்வமாக அவர் முகம் மலர்ந்தது.

"இவ்வளவு குறைஞ்ச சூட்டிலை பெரில். இது புதுசு. நீர் இதை வைச்சே எழுதும்."

எழுதினேன். இரண்டு அதிகாரங்கள் முடிந்தன. ஓர் ஆய்வுக் கூட்டத்துக்குச் சுருக்கமும் அனுப்பினோம். ஆனால் எழுத எழுத ஒரு வரி மட்டும் இடறிக்கொண்டே இருந்தது. அவ்வளவு குறைந்த சூட்டில் பெரிலியம் பெரிலாக வருவதைவிட பெர்ட்ராண்டைட் என்ற வேறு கனிமமாக வருவதே வழக்கம். சூழ்நிலை பொருந்தினால் பெரிலும் வரலாம். வரவே முடியாது என்று யாரும் சொல்லிவிடவில்லை. அதனால் "சூழ்நிலை பொருந்தியிருக்கலாம்" என்று எழுதினேன். மறுநாள் அதை அழித்தேன். அதற்கு மறுநாள் திரும்ப எழுதினேன்.

என் கணவர் போர்ட் கிள்ளானில் கிரேன் ஓட்டுகிறார். ஒரு மத்தியானம் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டே என் திரையை எட்டிப் பார்த்தார்.

"காலையிலேருந்து இதே பக்கம்தான் இருக்கு."

"ஒரு வரி சரியா வரல."

"கேஸ் மூடுனோமான்னு பாக்க பாதி வழியிலேருந்து திரும்பி வர்றவ நீ. அதே மாதிரிதான் இதுவும். மூடித்தான் இருக்கும்."

இருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றியது. என் சந்தேகங்களில் பத்துக்கு ஒன்பது வீண் என்பது எனக்கே தெரியும். ஆனாலும் அடுத்த நாள் மேடையை வேறொருவர் வைத்திருந்தபோது, சாதாரண நுண்ணோக்கியில் என் சீவலைப் போட்டேன். மூன்று மாதமாக நான் ஐம்பது மடங்கு லென்ஸை விட்டு இறங்கியதே இல்லை. துளியைக் கண்டுபிடி, அள, அடுத்ததற்குப் போ என்றே வேலை நடந்திருந்தது. அன்று அளக்க எதுவும் இல்லாததால் மிகக் குறைவாகப் பெரிதாக்கும் லென்ஸைத் திருப்பினேன். படிகம் முழுவதும் ஒரே பார்வையில் வந்தது.

என் பெரிய துளிகள் தனித்தனியாக இருக்கவில்லை. வரிசை வரிசையாக இருந்தன. ஒரு வரிசையை விரலால் பின்தொடர்வது போலச் சீவலை நகர்த்திக்கொண்டே போனேன். அது பெரிலின் விளிம்புக்கு வந்தது. அங்கே நிற்கவில்லை. விளிம்பைக் கடந்து, பக்கத்தில் இருந்த குவார்ட்ஸ் படிகத்துக்குள்ளும் அதே கோட்டில் போனது.

இதற்கு ஒரே அர்த்தம்தான். பெரில் வளர்ந்து முடிந்து, குவார்ட்ஸும் வளர்ந்து முடிந்து, வெகுகாலம் கழித்து இரண்டையும் சேர்த்து ஒரு விரிசல் விழுந்திருக்கிறது. அந்த விரிசலில் வேறொரு நீர், ஆறிப்போன நீர், புகுந்திருக்கிறது. விரிசல் ஆறி மூடிக்கொண்டபோது அந்த நீரின் துளிகள் உள்ளே மாட்டிக்கொண்டன. நாற்பத்திரண்டு முறை நான் அளந்தது அந்த நீரை. பெரிலைக் கொண்டுவந்த நீரை நான் ஒருமுறைகூடத் தொடவில்லை.

இது முதலாம் ஆண்டு மாணவர்களுக்கே சொல்லித்தரும் பாடம். அளப்பதற்கு முன் துளி எங்கே இருக்கிறது என்று பார். விளிம்பைத் தாண்டிப் போகிற வரிசையைத் தொடாதே. அந்தப் பாடத்தை நானே இளநிலை மாணவர்களுக்கு எடுத்திருக்கிறேன். தெரியாததால் செய்த தவறு அல்ல. மணி பார்த்து வேலை செய்தேன். மணிக்குள் முடிகிற துளிகள் இந்த வரிசைகளில் இருந்தன. உண்மையான துளிகளும் அங்கேயே இருந்தன. படிகத்தின் நீளவாக்கில், அதன் உள்ளே, மயிரிழை போன்ற குழாய்களாக, விளிம்புக்கு வருமுன்பே முடிந்துபோகிறவையாக. அவற்றை முன்பும் பார்த்திருக்கிறேன். குமிழி சரியாகத் தெரியாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மணி நேரத்துக்கு மேல் பிடிக்கும். ஆகவே அவற்றைத் தாண்டிப் போயிருந்தேன்.

ஒப்படைக்க ஒன்பது வாரம் இருந்தது.

அன்று ரயிலில் எனக்கு உட்கார இடம் கிடைத்தும் உட்காரவில்லை. வீட்டில் கணவரிடம் சொன்னேன். விரிசல் என்றால் என்ன, வரிசை என்றால் என்ன என்று மகளின் சோற்றுத் தட்டில் விரலால் கோடு போட்டுக் காட்டினேன்.

"இது வேற யாருக்காவது தெரியுமா?"

"தெரியாது."

"டாக்டருக்கு?"

"இன்னும் சொல்லல."

"அப்ப சம்மிட் பண்ணிடு. யாரு லென்ஸ மாத்தி மாத்திப் பாக்கப் போறா?"

"நான் பாத்துட்டேனே."

அவர் தட்டைத் துடைத்தார். மகள் அதைத் திரும்ப இழுத்தாள்.

"முடியலன்னா பட்டம் போயிரும். தெரியும்தானே?"

"தெரியும்."

"போனா என்னைய குத்தம் சொல்லக் கூடாது."

"சொல்வேன்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சரி லா" என்று எழுந்துபோய், அடுத்த இரண்டு மாதத்துக்கான தன் ஷிப்ட் அட்டவணையை எடுத்துவந்து குளிர்பெட்டியில் ஒட்டினார். தனக்கு ஓய்வு வரும் நாள்களில் வட்டம் போட்டார். "இந்த நாளெல்லாம் பாப்பா என்கிட்ட. ஃபார்முலா பால் வாங்கி வை. நீ காலையில போனா சாயங்காலம் வந்தாப் போதும்." மத்தியானத்துக்கு மட்டுமாவது ஃபார்முலா கொடுப்பதா என்று நான் இரண்டு நாள் யோசித்தேன். மூன்றாம் நாள் வாங்கினேன். அவள் எந்தத் தயக்கமும் இல்லாமல் குடித்ததில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

மேற்பார்வையாளரிடம் சொல்வது அதைவிடக் கடினமாக இருந்தது. சுருக்கத்தில் அவர் பெயரும் இருந்தது.

"டாக்டர், நாற்பத்திரண்டும் செகண்டரி, பின்னால வந்த துளிங்க. பெரில்ல தொடங்கி குவார்ட்ஸுக்குள்ள போகுது."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ஷுவரா?"

"ஷுவர், டாக்டர்."

"நீர் ஒருநாளும் ஷுவர் எண்டு சொன்னதில்லையே."

அவர் எழுந்து வந்து நுண்ணோக்கியில் பார்த்தார். சீவலை அவரே நகர்த்தினார். ஒரு வரிசை, இன்னொரு வரிசை, மூன்றாவது. நிமிர்ந்தபோது கோபமாகத்தான் இருந்தார். என்மேலா, தன்மேலா என்று எனக்குத் தெரியவில்லை.

"ஒன்பது கிழமை. அதிலை எழுதவே நாலு கிழமை போகும். அளக்க உமக்கு அஞ்சு கிழமைதான். காணாது."

"எவ்வளவு வருதோ அவ்வளவு வச்சு எழுதுறேன்."

"அஞ்சோ ஆறோ வந்தால் பரீட்சகர் விடமாட்டார்."

"நாற்பத்திரண்டும் தப்புன்னு தெரிஞ்சு எழுத என்னால முடியாது, டாக்டர்."

அன்று மாலை, சுருக்கத்தைத் திரும்பப் பெறுவதாக அவர் அனுப்பிய மின்னஞ்சலின் நகல் எனக்கு வந்தது. இரண்டே வரி. அதில் என்மேல் பழி போட்டிருக்கவில்லை.

பழைய சீவல்களில் நல்ல குழாய்கள் குறைவாக இருந்ததால் புதியவை அறுக்க வேண்டியிருந்தது. சூடுபட்டால் துளிகள் கெட்டுவிடும் என்பதால், சூடு தேவைப்படாத பசையில் ஒட்டி மெருகேற்ற வேண்டும். பின்பு அதைக் கரைத்துப் பிரிக்க ஒரு முழு நாள் ஆகும். அண்ணன் கையில் பத்துப் பேருடைய கற்கள் வரிசையில் இருந்தன.

"அண்ணே, இந்த வாரமே வேணும்."

"கல்லு எங்கயும் ஓடிப் போவாது, தங்கச்சி."

"கல்லு ஓடாது. டேட் ஓடுது."

அவர் என்னைப் பார்த்துவிட்டு, மேலே இருந்த பெட்டியைக் கீழே தள்ளி என் பெட்டியை மேலே வைத்தார். "யாராச்சும் கேட்டா, நீயே மாத்தி வச்சுட்டன்னு சொல்லிடுவேன்" என்றார்.

ஐந்து வாரம் அளந்தேன். குழாய்களில் குமிழி முந்நூறு டிகிரி தாண்டியும் மறையவில்லை என்று கண்ட முதல் நாள், கருவி பழுதோ என்று பயந்து, உருகும் சூடு தெரிந்த பொருளை வைத்து இரண்டு முறை சரிபார்த்தேன். கருவி சரியாகத்தான் இருந்தது. முந்நூற்று இருபதைத் தாண்டிய பிறகு மிக மெதுவாக ஏற்ற வேண்டும். கண்ணை எடுத்தால் மறையும் கணம் தவறிவிடும். அவசரப்பட்டால் உள்ளிருக்கும் நீர் விரிந்து துளி வெடித்துவிடும். நான்கு துளிகள் வெடித்தன. ஒரு சீவல் என் இடுக்கியிலேயே இரண்டாக முறிந்தது. மூன்றாம் வாரம் மகளுக்குக் காய்ச்சல் வந்தது. கணவர் போகச் சொன்னார், நானும் போனேன். பிரிக்பீல்ட்ஸில் ரயில் மாறும் இடம்வரை வந்து, எதிர்ப்பக்கம் நடந்து, கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் ஏறினேன். நான் வீட்டுக்குப் போனபோது காய்ச்சல் விட்டிருந்தது. ஒரு நாள் போனது. அதற்காக இன்றுவரை நான் வருந்தவில்லை. அதற்கு அடுத்த நாள், எவரும் வருமுன் ஆய்வகக் கதவின் முன் நின்றேன்.

பதினொரு துளிகள் கிடைத்தன. முந்நூற்று இருபத்தைந்துக்கும் முந்நூற்று அறுபதுக்கும் இடையில் எல்லாம் அடங்கின. பெரிலைக் கொண்டுவந்த நீர் சூடானது. அது சுண்ணாம்புப் பாறையின் விளிம்பில் தன் சுமையை இறக்கியிருக்கிறது. ஆறிய நீர் வந்தபோது பெரில் ஏற்கெனவே அங்கே இருந்தது. எழுதிய இரண்டு அதிகாரங்களையும் தூக்கிவிட்டு மூன்று வாரத்தில் வேறு எழுதினேன். புதுமை என்று சொல்ல அதில் எதுவும் மிஞ்சவில்லை. கெடுவுக்கு முந்தின நாள் ஒப்படைத்தேன். மேற்பார்வையாளர் ஒவ்வொரு பக்கமாகப் புரட்டிய பிறகே கையெழுத்துப் போட்டார்.

வாய்மொழித் தேர்வு இரண்டு மாதம் கழித்து நடந்தது. எதிரே இரண்டு பரீட்சகர்கள். மூத்தவர் நேராக அட்டவணைக்குப் போனார்.

"பதினொன்று மட்டும் ஏன்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நான் இரவெல்லாம் தயார் செய்திருந்த நாகரிகமான பதில் ஒன்று இருந்தது. மாதிரியின் தன்மை, குழாய்கள் அரிதாக இருப்பது, இப்படி. அதைச் சொல்லத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டேன்.

"முதலில் நாற்பத்திரண்டு அளந்தேன். எல்லாம் பின்னால் வந்த விரிசல்களில் இருந்தவை. அளப்பதற்கு முன் நான் பார்க்கவில்லை. கண்டுபிடித்தபோது ஒன்பது வாரம் இருந்தது. அதில் கிடைத்தது பதினொன்று."

மேற்பார்வையாளர் தன் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். இளையவர் பின்னிணைப்பைத் திருப்பி, நான் அங்கே தனித் தலைப்பில் போட்டிருந்த நாற்பத்திரண்டையும் கண்டுபிடித்தார். வரிசை பெரிலிலிருந்து குவார்ட்ஸுக்குள் போகும் படமும் அதே பக்கத்தில் இருந்தது. அதை மூத்தவரிடம் தள்ளினார். இருவரும் படத்தின் மேல் குனிந்து தங்களுக்குள் ஏதோ பேசினார்கள். பிறகு என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார்கள்.

இருபது நிமிடம் கழித்து உள்ளே கூப்பிட்டார்கள். திருத்தங்களுடன் தேர்ச்சி. விளக்கம் சரி, ஆனால் பதினொரு துளிகளால் அவ்வளவு பெரிய முடிவைத் தாங்க முடியாது என்றார் மூத்தவர். வேறு படிகத்திலிருந்து படிகம் வளரும்போதே அடைபட்ட துளிகளில் குறைந்தது ஐந்தை அளந்து, மூன்று மாதத்துக்குள் சேர்க்க வேண்டும்.

"செய்ய முடியுமா?"

"முடியும்" என்றேன்.

வெளியே வந்து கணவருக்கு ஒரு வரி அனுப்பினேன். அவருக்கு அப்போது கிரேனில் வேலை. பிறகு ஆய்வகத்துக்கு இறங்கிப்போனேன். அண்ணன் மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார்.

"என்ன, பாஸா?"

"பாஸ், அண்ணே. இன்னும் அஞ்சு வேணுமாம்."

"அஞ்சா? அஞ்சு என்ன?"

அலமாரியைத் திறந்து, இன்னும் அறுக்காமல் இருந்த கடைசிப் படிகத்தை எடுத்தேன். கை லென்ஸில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, விரிசல் குறைந்த முனையைத் தேடினேன். கண்டதும் பென்சிலால் ஒரு கோடு போட்டு அவரிடம் நீட்டினேன்.

"இந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம். சூடு படாத பசை."

"தெரியும் லா" என்று அவர் ஈரக் கையோடு வாங்கிக்கொண்டார்.